தனி அறையில் பூட்டினால் என்ன கேட்கலாம்?

செந்தூலிலிருந்து கோமுட்டர் ரயிலேறிப் போய், காஜாங் சிறை வாசலில் அடையாள அட்டையை நீட்டும் தாயிடம், "உங்க மகனைத் தனி அறைக்கு மாத்திட்டாங்க" என்று சொன்னால், பலருக்கு வாயடைத்துப் போகும். ஏன் மாற்றினார்கள், எத்தனை நாளுக்கு, முடிவெடுத்தது யார் என்று தாராளமாகக் கேளுங்கள்.

சில வெளிநாட்டுச் சிறைகளில் இதற்கென்றே ஒரு முறை உண்டு. அதைக் 'கேஸ் மேனேஜ்மென்ட்' என்பார்கள். நம் கோர்ட்டில் லாயர் சொல்லும் கேஸ் மேனேஜ்மென்ட் தேதி வேறு, இது வேறு. தனி அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு, அதற்குப் பொறுப்பாக ஓர் அதிகாரி. அடைத்த காரணம், மருத்துவர் கண்டது, மறுபடி பரிசீலிக்கும் நாள், பொதுப் பிரிவுக்குத் திரும்ப அவர் செய்ய வேண்டியது எல்லாம் அதில் ஏறும். எழுத்தில் இல்லாவிட்டால் ஒரு வாரம் ஒரு மாதமாவதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள்தான் இதில் உலக அளவுகோல். ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதரோடு அர்த்தமுள்ள பேச்சுப் பழக்கமில்லாமல் அடைத்து வைப்பது தனிமைச் சிறை. அது தொடர்ந்து 15 நாளைத் தாண்டக்கூடாது. வேறு வழியே இல்லாதபோதுதான் அதைக் கையாள வேண்டும், சார்பில்லாத ஒருவர் அந்த முடிவைச் சரிபார்க்க வேண்டும். மனநலம் குன்றியவரின் நிலை தனிமையால் மோசமாகும் என்றால் அறவே கூடாது. மருத்துவப் பணியாளர் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். சிறை ஒழுங்கை மீறியதாகச் சொல்லும் குற்றச்சாட்டைக் கைதிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். மலாய் சரியாக வராத நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதி எவ்வளவு பெரிய துணை! குடும்பத்தைப் பார்க்கவே விடாமல் செய்வதைத் தண்டனையாக வைக்கவும் இடமில்லை.

இவை மலேசியச் சட்டமல்ல. இங்கே செல்லுபடியாவது 1995 சிறைச் சட்டம். ஆனால் அதிலேயே 'ஹாக்கிம் பெலாவாட்' எனப்படும் வருகை நீதிபதிகள் உண்டு. கைதிகளின் முறையீட்டைக் கேட்பது அவர்கள் பொறுப்பு. 1999 சட்டத்தால் அமைந்த மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் சிறைகளுக்குப் போய்ப் பார்க்கலாம், புகாரை விசாரிக்கலாம்.

வாசலில் நிற்கும் வார்டரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை, முடிவு அவர் கையில் இல்லை. சிறை இயக்குநருக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கைதியின் பெயர், எண், நீங்கள் செய்தி கேட்ட தேதி, காரணம், மறுபரிசீலனை எப்போது, மருத்துவர் பார்த்தாரா என்பவை போதும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு சுஹாகாமுக்குப் போகலாம்.

வலிப்பு மாத்திரையோ மனநல மருந்தோ சாப்பிடுகிறவர் என்றால் கிளினிக் அட்டையின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். உள்ளே தெரிந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.