உருவப்படத்தில் முதலில் வெளிறுவது கன்னம்

தைலவண்ணத்தில் தீட்டிய பழைய உருவப்படத்தைத் துடைக்கத் துணியை எடுக்கும் முன், படத்திலுள்ளவரின் கன்னத்தையும் உதட்டையும் உற்றுப் பாருங்கள். ஓவியர் கடைசியில், மிக மெல்லியதாகப் பூசிய வண்ணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உடையும் பின்புலமும் தாங்கிக்கொள்ளும் துடைப்பை முகம் தாங்காது.

துணியின் மேல் விலங்குப் பசை, அதன்மேல் வெள்ளை அடித்தளம், பிறகு ஒளியும் நிழலும் பிரிக்கும் அடிவண்ணம், அதற்கும் மேல் ஈய வெள்ளை கலந்த தோல்நிறம் என்று அடுக்கடுக்காக முகம் உருவாகிறது. இரத்தம் ஓடுவது போன்ற செம்மையை, எண்ணெயில் குழைத்த ஒளி ஊடுருவும் சிவப்பைப் படலமாகப் பூசித்தான் கொண்டுவந்தார்கள். அந்தச் சிவப்பு பல நேரங்களில் கொச்சினியல் பூச்சியிலிருந்தோ மஞ்சிட்டி வகை வேர்களிலிருந்தோ எடுத்த சாயம். வெளிச்சம் பட்டால் சாயத்தின் மூலக்கூறு சிதையும். காவி மண்ணின் சிவப்போ இரும்பு ஆக்சைடு என்பதால் அப்படியே நிற்கும்.

லண்டன் ராயல் அகாடமியின் முதல் தலைவர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் (1723–1792) வரைந்த முகங்கள் பல, அவர் காலத்திலேயே வெளிறத் தொடங்கின. கொச்சினியலிலிருந்து வரும் கார்மைன் சிவப்பின் மேல் அவருக்கிருந்த மோகமே முக்கியக் காரணம். எண்ணெயோடு மெழுகும் பிசினும், தார் போன்ற பிட்டுமனும் கலந்து பார்த்ததில் வெடிப்பும் சேர்ந்துகொண்டது. பிட்டுமன் முழுதாகக் காயாது. மேலே பூசியது காய்ந்து சுருங்க, அடியிலிருப்பது நகர, அகலமான பிளவுகள் விழும். இதற்கு மாறாக, மம்மிகளின் முகத்தின் மேல் வைத்த எகிப்தின் ஃபாயூம் உருவப்படங்கள் கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரையிலானவை. மெல்லிய பலகையில் மெழுகு வண்ணத்தால் வரைந்த பல முகங்கள் இன்றும் உயிரோடு நம்மைப் பார்க்கின்றன. வறண்ட மணலும் வெளிச்சமே படாத கல்லறையும் அவற்றைக் காத்தன.

இப்போது வரைபவர்கள் வண்ணக்குழாயின் பெயரை நம்பாமல், அதில் அச்சிட்டிருக்கும் நிறமி எண்ணைப் படியுங்கள். அலிசரின் கிரிம்சன் என்று விற்கும் சிவப்பில் பி.ஆர். 83 (PR 83) என்று இருந்தால் அதை முகத்தில் மெல்லியதாகப் பூசாதீர்கள். குவினக்ரிடோன் என்ற செயற்கை நிறமி வகையான பி.வி. 19 (PV 19) வெளிச்சத்தை எவ்வளவோ நன்றாகத் தாங்கும். அடியடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேலடுக்கு வெடிக்கும். கடைசி வார்னிஷுக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை பொறுங்கள்.

படம் வைத்திருப்பவர்களுக்கு: நேர் வெயில் கூடாது. 150 முதல் 200 லக்ஸ் வெளிச்சம் போதும். காற்றின் ஈரப்பதம் 45–55 சதவீதத்துக்குள் நிலையாக இருப்பது நல்லது; அது ஏறி இறங்க ஏறி இறங்க, பசை உப்பிச் சுருங்கி வண்ணத்தை உரித்துவிடும். ஈரம் ஊறும் சுவரில் மாட்டவே வேண்டாம்.

வெட்டிய உருளைக்கிழங்கால் தேய்த்தால் அழுக்கு போகும் என்ற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் சாறு வெடிப்பு வழியாக இறங்கி அடித்தளத்தை நனைக்கும். ரொட்டியால் தேய்த்தால் துகள் வெடிப்புகளில் தங்கிப் பூஞ்சையையும் பூச்சியையும் அழைக்கும். நீங்களே செய்யக்கூடியது ஒன்றுதான். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எங்கும் வண்ணச் செதில் எழும்பவில்லை என்றால் மட்டும், மிருதுவான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டலாம். செதில் ஏற்கெனவே உதிர்ந்திருந்தால் தூரிகையும் வேண்டாம். உதிர்ந்ததைக் காகித உறையில் பத்திரப்படுத்துங்கள்.

மஞ்சளித்த வார்னிஷை நீக்குவதில்தான் மிகப் பெரிய இழப்பு நேர்கிறது. சில ஓவியர்கள் செம்மைப் படலத்தையே பிசின் கலந்து பூசியிருப்பார்கள். வார்னிஷைக் கரைக்கும் திரவம் அதையும் கரைத்துவிடும். முகம் பளிச்சென்று ஆனதாக முதலில் தோன்றும். பிறகுதான் அது சுண்ணாம்பு பூசியதுபோல் தட்டையாகிவிட்டது புரியும். போனதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

எனவே படத்தை ஒப்படைக்கும் முன் பாதுகாப்பு வல்லுநரிடம் சிலவற்றைக் கேளுங்கள். ஓரத்தில் சிறு சோதனை செய்து காட்டுவாரா, முகத்தில் தனியாகச் சோதிப்பாரா, பஞ்சில் நிறம் ஏறினால் நிறுத்துவாரா, வேலைக்கு முன்னும் பின்னும் புகைப்படமும் பயன்படுத்திய கரைப்பான்களின் பட்டியலும் எழுத்தில் தருவாரா? தயங்கினால் படத்தைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். மஞ்சள் வார்னிஷோடு அது இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கும்.