கல் பிளக்கும் கணக்கு

மாமல்லபுரத்தில் எடுத்த ஒரு படத்தை அனுப்பிப் பல்லாவரத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாறை மேல் ஒரே நேர்கோட்டில் சின்னச் சின்னச் சதுரக் குழிகள் இருக்கின்றனவே, எதற்கு? யூடியூபில் ஒருவர் இது பழங்கால இயந்திரத்தின் தடயம் என்கிறார். இன்னொருவர் மூலிகைச் சாறு ஊற்றிக் கல்லை இளக்கினார்கள் என்கிறார். எது சரி?"

இரண்டுமே இல்லை. அவை ஆப்பு இறக்குவதற்கு வெட்டிய குழிகள். கல்லைப் பிளக்க ஆரம்பித்துப் பாதியில் விட்ட இடங்கள். எல்லாமே பல்லவர் காலத்தவை என்று எண்ண வேண்டாம். அந்தப் பாறைகளில் பிற்காலத்திலும் கல் எடுத்திருக்கிறார்கள். மூலிகைக் கதைக்கும் ஒரு வரியில் பதில் உண்டு. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமத்தைச் சாதாரண வெப்பநிலையில் கரைக்கும் அமிலம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்தான். அது எந்த இலையைப் பிழிந்தாலும் கிடைக்காது.

கேள்வி பல்லாவரத்திலிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1863-இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ஊர் அது. மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் ஒன்றும் அங்கே இருக்கிறது. இப்போது அது தர்கா. அந்த ஊர்ப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல்லும் இதே வகை என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர் அது. கைக்கோடரி செய்தவரும் குகை குடைந்தவரும் நம்பியது ஒன்றைத்தான்: விரிசலை. கல்லில் விரிசலை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிட்டால் கல் வேலையில் பெரும்பகுதி தெரிந்த மாதிரிதான்.

கருங்கல்லை அழுத்தி நசுக்க, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1,500 கிலோ சுமை வேண்டும். இழுத்துப் பிய்க்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும், பல கற்களில் அதற்கும் குறைவு. நம் கோயில் மண்டபங்களில் இத்தனை தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கு இதுவே காரணம். உத்தரத்தின் நடுவில் சுமை ஏறினால் மேல்பக்கம் அழுந்தும், அடிப்பக்கம் இழுபடும். இழுவைக் கல் தாங்காது, அதனால் நீளமான உத்தரம் போட முடியாது, அதனால் தூண்கள். ஆயிரங்கால் மண்டபத்தின் அழகுக்குப் பின்னால் இந்த ஒரு பலவீனம் இருக்கிறது.

சரி, ஏன் இழுவையில் மட்டும் இவ்வளவு பலவீனம்? கல்லில் சிலிக்கன் அணுவையும் ஆக்சிஜன் அணுவையும் பிணைக்கும் பிணைப்பு மிக உறுதியானது. அந்த உறுதியை வைத்துக் கணக்குப் போட்டால், கல் இப்போது தாங்குவதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் தாங்க வேண்டும். ஆலன் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921-இல் வெளியான கட்டுரையில் இந்தப் புதிரை அவிழ்த்தார். அவர் எடுத்துக்கொண்டது கண்ணாடி இழைகளை. இழை மெல்லியதாக ஆக ஆக அதன் வலிமை கூடிக்கொண்டே போனது. காரணம், மெல்லிய இழையில் பெரிய விரிசல் இருக்க இடமில்லை.

ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் இரண்டு கையாலும் ஓர் இழு. வெட்டு இல்லாமல் அதே துணியைக் கிழிக்க எந்தக் கையாலும் ஆகாது. விரிசலின் நுனியிலும் நடப்பது அதுதான். பரவலாக இருக்க வேண்டிய இழுவிசை முழுவதும் நுனியில் இருக்கும் சில அணுக்களின் மேல் குவிகிறது. அவை விலகியதும் பாரம் அடுத்த வரிசைக்குப் போகிறது. மொத்தக் கல்லையும் ஒரே நேரத்தில் பிய்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சமயத்தில் ஒரு வரிசை அணுக்களைப் பிரித்தால் போதும்.

கிரிஃபித் இதைச் செலவு வரவாகவும் பார்த்தார். விரிசல் வளரும்போது புதிய பரப்பு உண்டாகிறது, அது ஆற்றல் செலவு. விரிசலைச் சுற்றியுள்ள கல் இறுக்கம் தளர்வதால் ஆற்றல் வெளிப்படுகிறது, அது வரவு. விரிசலின் நீளம் இரண்டு மடங்கானால் செலவு இரண்டு மடங்காகும், வரவோ நான்கு மடங்கு. ஆகவே ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிவிட்டால் விரிசலை யாரும் தள்ள வேண்டாம், தானே ஓடும். ஓடினால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அது கல் தச்சருக்கு ஆபத்து.

இந்த இடத்தில்தான் ஆப்பின் மேல் எனக்குத் தீராத வியப்பு. ஆப்பு கல்லை இழுப்பதில்லை, குழியின் இரண்டு சுவர்களையும் குறிப்பிட்ட அளவு விலக்கி வைக்கிறது, அவ்வளவுதான். விரிசல் சற்று நீண்டதும் கல் விலகிக் கொடுக்கிறது, ஆப்பின் பிடி தளர்கிறது, நுனியில் இருந்த இழுவிசை குறைகிறது, விரிசல் நின்றுவிடுகிறது. மறுபடி அடித்தால்தான் மறுபடி நகரும். பாய்ந்து ஓடக்கூடிய ஒன்றை அடிக்கு இவ்வளவு என்று அளந்து நடக்க வைக்கிறது ஓர் இரும்புத் துண்டு. ஒரே ஆப்பைப் போட்டு ஓங்கி அடிக்காமல், வரிசையில் உள்ள எல்லா ஆப்புகளையும் சுற்றுச் சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது இதனால்தான். ஒவ்வொரு குழியிலிருந்தும் கிளம்பும் சிறு விரிசல் பக்கத்துக் குழியின் விரிசலோடு சேர்ந்து, வரிசை முழுவதும் ஒரே தளமாகி, பிறகு ஆழத்துக்கு இறங்குகிறது. ஆப்பு இறுக இறுகச் சம்மட்டி ஓசையின் சுருதி ஏறும். அனுபவசாலிகள் எந்த ஆப்பு பின்தங்கியிருக்கிறது என்பதை அந்த ஓசையிலேயே தெரிந்துகொண்டு அதை மட்டும் தட்டுவார்கள்.

அப்புறம் ஒரு கட்டத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். வெளியாள் பார்த்தால் ஓய்வெடுக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் அப்போதும் கல்லுக்குள் வேலை நடக்கிறது. காற்றிலும் கல்லின் நுண்துளைகளிலும் இருக்கும் நீர் மூலக்கூறுகள் விரிசலின் நுனிவரை போகின்றன. அங்கே இழுபட்டு நிற்கும் சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பை ஒரு நீர் மூலக்கூறு தாக்கினால், பிணைப்பு அறுந்து இரண்டு முனைகளும் நீரின் பாகங்களைப் பிடித்துக்கொள்கின்றன. தளர்வாக இருக்கும் பிணைப்பை நீர் இப்படி எளிதில் அறுக்காது, இழுவையில் இருப்பதைத்தான் விரைவாக அறுக்கும். அடியே விழாமல் விரிசல் மெல்ல நீள்கிறது. பிறகு சத்தத்தோடு கல் பிளக்கிறது. மர ஆப்பை இறக்கி நீர் ஊற்றி, அது ஊதிப் பிளக்கும் என்ற விளக்கத்தைப் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். கடினமான கருங்கல்லுக்கு மரம் மட்டும் போதுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. விரிசல் நுனியில் நீர் செய்யும் வேலையில் அந்தச் சந்தேகம் இல்லை, ஆய்வகங்களில் அளந்த விஷயம் அது.

கல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிளப்பதும் இல்லை. பூமிக்குள் ஆழத்திலிருந்து மேலே வந்து குளிரும்போது குவார்ட்ஸ், பக்கத்திலிருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமத்தைவிட அதிகம் சுருங்குகிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டாகின்றன, பல பாறைகளில் அவை ஒரே திசையை நோக்கி அமைந்துவிடுகின்றன. குவாரியில் வேலை செய்பவர் பாறையைத் தடவிப் பார்த்து, இந்தப் பக்கம் பிளக்கும், அந்தப் பக்கம் பிளக்காது என்று சொல்வது இந்த நுண்விரிசல்களின் திசையைத்தான்.

சிலை வடிப்பதும் இதே கதை, அளவு மட்டும் சிறியது. உளியின் முனை கல்லைத் தொடும் இடம் பொடியாகிறது, அடியின் அழுத்தம் நீங்கும் கணத்தில் பக்கவாட்டில் விரிசல் கிளம்பிச் சில்லு தெறிக்கிறது. சில்லு போன பிறகும் கீழே நுண்விரிசல்கள் தங்கிவிடும். அவற்றில் ஒளி சிதறுவதால் கருங்கல்லில் உளி பட்ட இடமெல்லாம் வெளிறிச் சாம்பலாகத் தெரியும். அந்த அடுக்கு முழுவதும் போகும்வரை தேய்த்தால்தான் கல்லின் கறுப்பு வெளியே வரும். மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட குகைகளில் இன்னொரு உத்தியையும் பார்க்கலாம். பாறை முகத்தில் கட்டம் கட்டமாக ஆழமான பள்ளக் கோடுகள் வெட்டி, நடுவில் துருத்தி நிற்கும் கட்டங்களை உடைத்து எடுத்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் பிடிப்பில்லாத கட்டம் அடியில் எளிதாக முறியும்.

ஸ்தபதிகள் கல்லைத் தட்டிப் பார்த்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி ஒதுக்க மாட்டேன். விரிசல் இல்லாத கல்லில் ஒலி நொடிக்கு 5 கிலோமீட்டர் அளவில் ஓடும், தட்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்கும். நுண்விரிசல் மலிந்த கல்லில் வேகம் குறையும், ஓசை மழுங்கும். மீயொலிக் கருவியை வைத்து இன்று பொறியாளர்கள் அளப்பதும் இதே வேகத்தைத்தான்.

புதுப்பிக்கும் வேலையில் விரிசல் எதிரியாகிறது, அங்கே ஆப்பு வேறு உருவத்தில் வருகிறது. கடற்கரைக் கோயிலில் காற்று கொண்டுவரும் உப்பு, கல்லின் துளைகளுக்குள் படிகமாகிச் சுவர்களை நெட்டித் தள்ளுகிறது. ஈரமான காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, அது காயும்போது உப்பை உறிஞ்சி வெளியே எடுப்பது தொல்லியல் துறையின் முறை. பொறுமையான வேலை அது. மணலைப் பீய்ச்சிக் கோயில் சுவரைச் 'சுத்தம்' செய்வதோ நேர் எதிர்: அழுக்கோடு கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் போகும், புதிய நுண்விரிசல்களும் வரும்.

இரும்புப் பட்டை இன்னும் மோசம். துரு பிடித்த இரும்பு பழைய அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். கற்களை இணைக்க வைத்த பட்டையே கல்லைப் பிளக்கும் ஆப்பாகிவிடும். ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருகிய இரும்புப் பட்டைகள் துருப்பிடித்துப் பளிங்கைப் பிளந்ததால், பின்னாளில் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தார்கள். பழைய கிரேக்கர்கள் துருப்பிடிக்காமல் இருக்கத் தங்கள் இரும்பைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள்.

நம்மிடம் மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, சென்னை ஐஐடியில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. ஓசையைக் காதால் அறிந்தவர்களும் கருவியால் அளப்பவர்களும் ஒரே மண்டபத்தில் சேர்ந்து வேலை செய்யப் பணம் ஒதுக்க வேண்டும். குடமுழுக்குக்கு வண்ணம் பூசச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கு, உத்தரக் கற்களின் ஒலிவேகத்தை அளந்து பதிவு செய்யப் போதும் என்று நினைக்கிறேன். இத்தகைய பதிவு இருந்தால், அடுத்த குடமுழுக்கின்போது எந்த உத்தரம் தளர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்லலாம்.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊர்க் கோயிலில் கல் இணைப்புகளின் ஓரத்தில் பழுப்புக் கறை வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே இரும்பு துருப்பிடித்துக்கொண்டிருக்கலாம். படமெடுத்து, தேதி எழுதி, கோயில் நிர்வாகத்திடம் கொடுங்கள்.