மாத்திரைக்கு அடங்காத பூஞ்சை

பெண்ணுறுப்பில் அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் போல வெள்ளைப்படுதல் என்று மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் 150 மில்லிகிராம் ஃப்ளுகோனசோல் மாத்திரை ஒன்றைக் கொடுப்பார். பலருக்கு அதோடு சரியாகிவிடும். சிலருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடியும் அதே அரிப்பு. உடனே "சுத்தமாக இருப்பதில்லையோ" என்று அந்தப் பெண்ணையே குறை சொல்லக் கிளம்பிவிடுவார்கள். அபத்தம். சோப்புப் போட்டு அடிக்கடி கழுவினால் எரிச்சல்தான் கூடும்.

கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைதான் வழக்கமான காரணம். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வருகிறது. நம் செல் சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் எப்படியோ, பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால் அப்படி. அதைத் தயாரிக்கும் நொதி ஒன்றில் ஃப்ளுகோனசோல் போய் ஒட்டிக்கொண்டு தயாரிப்பை முடக்கிவிடுகிறது. ஆனால் மருந்து பூஞ்சையைக் கொல்வதில்லை. வளரவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். தப்பிப் பிழைக்க வழி தேட அதற்கு அவகாசம் கிடைத்துவிடுகிறது.

அந்த நொதிக்கான மரபணு ஈஆர்ஜி11. அதில் ஓர் எழுத்து மாறினாலே நொதியின் வடிவம் லேசாகக் கோணி, மருந்து சரியாக ஒட்டாமல் போகலாம். இன்னொரு வழி, வெள்ளம் புகுந்த வீட்டில் மோட்டார் வைத்து இறைப்பதுபோல, செல்லுக்குள் வந்த மருந்தை வெளியே தள்ளுவது. இந்தப் பம்புகளை முடுக்கிவிடும் மரபணுக்களில் ஒன்று டிஏசி1.

அல்பிகன்ஸிடம் மரபணுக்களைச் சுமக்கும் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி உண்டு. ஒன்றில் மட்டும் மாற்றம் வந்தால் பாதிப் பலன்தான். அப்புறம் மாறிய பிரதியைப் பார்த்தே மற்றதையும் எழுதிக்கொண்டால் பலன் கூடிவிடும். இதைவிட வேடிக்கையான ஒன்றை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜூடித் பெர்மனின் குழு 2006இல் வெளியிட்டது. மருந்துக்கு அடங்காத சில பூஞ்சைகளில், ஐந்தாம் குரோமோசோமின் இடது கைகள் (அதன் ஒரு பக்கத்துப் பகுதி) இரண்டு ஒட்டிக்கொண்டு ஒரு புதுக் குரோமோசோமாகவே நின்றன. ஈஆர்ஜி11, டிஏசி1 இரண்டும் இருப்பது அதே இடது கையில்! எழுத்து எதுவும் மாறவேண்டியதில்லை. ஜெராக்ஸ் எடுத்ததுபோல இரண்டும் நான்கு நான்காகிவிடுகின்றன. நொதியும் கூடுதல், பம்பும் கூடுதல். அந்தக் குரோமோசோம் கைவிட்டுப் போனால் எதிர்ப்பும் குறைந்துவிடுகிறது.

இதே தொற்றைத் தரும் இன்னோர் இனமான கேண்டிடா கிளாப்ரேட்டா வேறு ரகம். அதனிடம் ஒவ்வொரு குரோமோசோமும் ஒரே பிரதிதான். மறைத்து வைக்க இன்னொரு பிரதி இல்லாததால், மாற்றம் வந்தவுடன் விளைவு தெரிந்துவிடும். ஃப்ளுகோனசோலுக்கு இயல்பிலேயே அது அவ்வளவாக மசியாது. கேண்டிடா குருசேய் என்ற மற்றோர் இனத்துக்கு அந்த மாத்திரை பலிக்கவே பலிக்காது. எந்த இனம் என்று கல்ச்சர் பரிசோதனை செய்து பார்க்காமல், மெடிக்கல் ஷாப்பில் அதே மாத்திரையைத் திரும்பத் திரும்ப வாங்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்காகத் திரும்பி வருவதெல்லாம் மரபணு மாற்றத்தின் வேலை என்றும் சொல்லிவிட முடியாது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு ஆறு மாதம் வாரம் ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. ஆறாம் மாத முடிவில் 90 சதவீதத்துக்கு மேல் நலம். நிறுத்தி இன்னொரு ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ 43 சதவீதம்தான். தொற்று திரும்பியவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது மருந்துக்கு அடங்கும் அல்பிகன்ஸ்தான்.

ஆய்வகத்தின் "அடங்கும்" என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே சோதனை நடப்பது பிஎச் 7இல் (பிஎச் என்பது புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). பெண்ணுறுப்பின் உட்புறமோ புளிப்பானது, பிஎச் 4 அளவு. அந்தப் புளிப்பில் ஃப்ளுகோனசோலின் வீரியம் குறைகிறது; கிளாப்ரேட்டா விஷயத்தில் இது இன்னும் அதிகம்.