மான் வரவில்லையா, கேமரா பார்க்கவில்லையா?

கோடை பிறந்தால் கடலூர் மாவட்டத்தில் ஒரு செய்தி தவறாமல் வரும். வேப்பூர், விருத்தாசலம் பக்கத்துக் காப்புக்காடுகளிலிருந்து தண்ணீர் தேடி வெளியே வந்த புள்ளிமானை நாய் கடித்தது, அல்லது நெடுஞ்சாலையில் வண்டி அடித்தது. காட்டுக்குள்ளேயே தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்புவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தொட்டிக்கு மான் வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது, நாய்கள் முன்னதாக வந்து உட்கார்ந்துகொள்கின்றனவா என்பதெல்லாம் தெரிந்தால்தான் கட்டிய தொட்டிக்குப் பயன். டிரெயில் கேமரா, அதாவது முன்னால் விலங்கு வந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா, கட்டுவது அதற்காக.

கேமராவை வாங்கி, அமெரிக்க வீடியோ நாலைப் பார்த்துவிட்டு, குட்டைக் கரையில் ஒரு மரத்தில் கட்டிவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து கார்டைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் ஆடு, மாடு, காற்றில் அசையும் இலை. மான் இருப்பது இரவுப் படங்களில் மட்டும். உடனே 'இங்கே மான் ராத்திரியில்தான் தண்ணீர் குடிக்கிறது' என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். பல சமயம் அது மானைப் பற்றிய தகவலே அல்ல, கேமராவின் கோளாறு.

அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அரிசோனா போன்ற பாலைவனப் பகுதிகளில் எடுக்கப்பட்டவை. அங்குள்ள நீண்ட காது மியூல் மான்கள் கடும் கோடையில் தண்ணீருக்கு வருவது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். காற்று உலர்ந்தது, பொழுது சாய்ந்ததும் தரை மளமளவென்று குளிர்ந்துவிடும். குளிர்ந்த தரைக்கு முன்னால் சூடான மான் வந்து நிற்கும்போது கேமராவுக்கு வேலை சுலபம். நம் புள்ளிமான் அப்படியல்ல. அதன் நடமாட்டம் காலையிலும் மாலையிலும் அதிகம், கோடையில் தினம் ஒரு தடவையாவது தண்ணீர் குடித்தாக வேண்டும். நம் ஊர் இரவோ வியர்த்துக் கொட்டும் இரவு.

கேமராவுக்குள் இருக்கும் பி.ஐ.ஆர். சென்சார் மானைப் பார்ப்பதில்லை. சூட்டு வித்தியாசம் ஒன்று தன் முன்னால் குறுக்கே நகர்கிறதா என்பதைத்தான் கவனிக்கிறது. இரண்டும் வேண்டும்: வித்தியாசமும் வேண்டும், நகர்வும் வேண்டும். மே மாதத்தில் காலை எட்டு மணிக்கு மேல் செம்மண் தரை சூடேறிக்கொண்டே போகும்போது, ஒரு கட்டத்தில் தரையின் சூடும் மானின் மேல்தோல் சூடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அந்த நேரத்தில் மந்தையே வந்து நின்றாலும் கேமரா கம்மென்று கிடக்கும். சாயங்காலம் தரை ஆறும்போது இதே குருட்டு நேரம் இன்னொரு தடவை வரும். உச்சி வெயிலில் கதை தலைகீழ். தரை மானைவிடச் சூடாக இருப்பதால் வித்தியாசம் கிடைக்கிறது, ஆனால் வெந்த புல்லும் சீமைக்கருவேலக் கிளையும் காற்றில் ஆடும் ஒவ்வொரு முறையும் கேமரா படம் எடுத்துத் தள்ளும். புள்ளிமான் வரக்கூடிய நேரமும் இந்தக் குருட்டு நேரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான் நம் ஊர்ச் சிக்கல்.

ஆகவே மாசி முதல் ஆடி வரை சென்சாரை மட்டும் நம்பக் கூடாது. கேமராவில் டைம்லாப்ஸ் வசதி, அதாவது குறித்த இடைவெளியில் தானாகப் படம் எடுக்கும் வசதி, இருக்கும். காலை 5.30 முதல் 9.30 வரை, மாலை 3.30 முதல் 6.30 வரை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் என்று வையுங்கள். ஏழு மணி நேரத்துக்கு 210 படம், பத்து நாளைக்கு 2,100. ஒரு படம் 3 எம்.பி. என்றால் மொத்தம் 6.3 ஜி.பி., 32 ஜி.பி. கார்டுக்கு இது சாதாரணம். பகல் படத்துக்கு இன்ஃப்ராரெட் விளக்கு எரியாது, பேட்டரியும் அதிகம் தின்னாது. ஐந்து நிமிட இடைவெளி வைத்தால் குடித்துவிட்டுப் போகிற மந்தை இடையில் நழுவிவிடும். சென்சாரும் டைம்லாப்ஸும் சேர்ந்து ஓடும் மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஒன்றுதான் ஓடும் என்றால் இரண்டு கேமரா வேண்டும். விளம்பரத்தில் போடும் மெகாபிக்சலுக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுங்கள். சென்சார் உணர்திறன் கோடையில் 'ஹை', மார்கழி, தையில் 'மீடியம்'. சோதனை நடையை (கேமராவைச் சோதனை முறையில் வைத்து முன்னால் நடந்தால், சென்சார் உணரும்போது சிறு விளக்கு எரியும்) காலை ஆறு மணிக்கு நடந்து பார்த்து, 15 மீட்டரில் விளக்கு எரிகிறது என்று திருப்தியாகிவிடாதீர்கள். பத்து மணிக்கு அதே இடத்தில் மறுபடி நடந்து பாருங்கள். தூரம் எவ்வளவு சுருங்கியது என்று அப்போது தெரியும்.

அடுத்தது இடம். பாலைவனத்தில் மழைநீரைச் சேர்த்துத் தொட்டியில் விடும் அமைப்புகளில் விலங்கு குடிக்கும் இடம் மாறாது. நம் குட்டையும் தாங்கலும் அப்படியா? வெயில் ஏற ஏறத் தண்ணீர் உள்வாங்கும். சரிவு குறைந்த ஏரி என்றால் விளிம்பு வாரத்துக்குச் சில மீட்டர் நகர்ந்துவிடும். முதல் நாள் அழகாகப் பொருத்திய கேமரா, இரண்டாம் வாரம் வெடித்த சேற்றைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். மண் குட்டையில் தண்ணீர் விளிம்பைக் குறி வைக்காமல், அதற்கு இறங்கும் தடத்தைக் குறி வையுங்கள். ஈரமண்ணில் குளம்புத் தடம் எங்கே கூடுகிறதோ அதுதான் இடம். சிமெண்ட் தொட்டி என்றால் தொட்டியையே குறி வைக்கலாம்.

தடத்திலிருந்து 4 முதல் 6 மீட்டர் தள்ளி, தடத்துக்கு 45 டிகிரி சாய்வில் கேமரா இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் மான் கேமராவை நோக்கி வரும், குறுக்கே நகராது, சென்சார் தாமதமாக விழிக்கும். ஆண் புள்ளிமானின் தோள் உயரம் ஏறக்குறைய 90 செ.மீ., பெட்டை அதைவிடக் குட்டை. லென்ஸ் 60 முதல் 70 செ.மீ. உயரத்தில் இருந்தால் குட்டியும் விழும், கொம்பும் விழும். அந்த உயரத்தை மரத்தடியிலிருந்து அளக்காமல், மான் நிற்கப்போகும் தரையிலிருந்து அளக்க வேண்டும். கரைமேல் மரம், பள்ளத்தில் மான் என்றால் வெறும் முதுகுதான் படத்தில் வரும். ஒரு குச்சியைக் கேமராவுக்குப் பின்னால் செருகி லேசாகக் குனிய வைத்தால் சரியாகிவிடும்.

'வடக்கு பார்த்து வை' என்று சொல்வார்கள். சரிதான், ஆனால் காரணம் இங்கே கொஞ்சம் வேறு. அரிசோனாவில் சூரியன் நடுப்பகலில் எப்போதும் தெற்கே நிற்கும். கடலூரில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை தலைக்கு மேலே, சற்று வடக்கே நிற்கும், உதிப்பதும் கிழக்குக்கு வடக்கே தள்ளித்தான். ஆகவே கோடையில் வடகிழக்கும் வடமேற்கும் ஆகாது. காலை வெயிலோ மாலை வெயிலோ நேரே லென்ஸில் பாயும், தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் சென்சாரைக் குழப்பும். நேர் வடக்கு நல்லது. வழியே இல்லையென்றால் கோடை மாதங்களில் நேர் தெற்கும் பரவாயில்லை.

கட்டும் மரம் அசையாததாக இருக்கட்டும். ஒல்லியான தைலமரம் காற்றுக்கு ஆடும், கேமராவும் கூடவே ஆடும். முன்னால் மறைக்கும் கிளையை வெட்டாதீர்கள், கயிறு போட்டு ஒதுக்கிக் கட்டினால் போதும். காப்புக்காட்டில் ஒரு கொப்பை ஒடிப்பதும் கேள்விக்குரிய காரியம். எறும்பு இன்னொரு தொல்லை. பேட்டரி அறையின் கதகதப்பில் முட்டையோடு குடியேறிவிடும். கட்டும் பட்டைக்கு மேலும் கீழும் மரத்தில் ஒரு விரலளவு கிரீஸ் வளையம் பூசினால் பெரும்பாலும் ஏறாது. பூச்சி மருந்து அடிக்கக் கூடாது, மானுக்கு மூக்கு நம்மைவிடப் பல மடங்கு கூர்மை. ரப்பர் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு மூட வேண்டும். உள்ளே ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம், ஒவ்வொரு தடவையும் புதிதாக. கடலூர், புதுச்சேரி வீடுகளில் சும்மா வைத்திருக்கும்போதும் உப்புக்காற்று பேட்டரி ஸ்பிரிங்கைப் பச்சையாக்கிவிடும். பேட்டரியைக் கழற்றி, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள்.

பெரும்பாலான மாடல்கள் எட்டு ஏஏ பேட்டரி கேட்கும். சாதாரண ஆல்கலைன் எட்டும் சேர்ந்து 12 வோல்ட், ரீசார்ஜ் பேட்டரி எட்டும் சேர்ந்து 9.6 வோல்ட். சில கேமராக்கள் இந்த 9.6-ஐயே 'பேட்டரி தீர்ந்தது' என்று நினைத்து இரவு விளக்கை மங்கலாக்கிவிடும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பழையதும் புதியதும் கலக்கவே கூடாது. வெயிலில் ஆல்கலைன் கசிந்தால் கேமராவே போய்விடும். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், அதன் ஓரத்தில் உள்ள பூட்டுப் பொத்தான் இறங்கிப் பூட்டிக் கிடந்தால் மேலே தள்ளிவிடுங்கள். பேட்டரி மாற்றினால் சில கேமராக்களில் தேதி பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும், காலை மாலை மாறிப்போவதும் உண்டு. கட்டும்போதும் கழற்றும்போதும் கைபேசிக் கடிகாரத்தைக் கேமராவுக்கு முன்னால் காட்டி ஒரு படம் எடுத்துவிட்டால், தப்பு நடந்தாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம். கார்டு மாற்ற பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, நடுப்பகலில் போனால் போதும். விடியலிலும் அந்தியிலும் போனால் தண்ணீருக்கு வரும் மானை நாமே விரட்டியதாகும்.

படங்களை எண்ணும்போது, ஒரே பெட்டை மூன்று தடவை வந்தால் மூன்று மான் ஆகாது. அரை மணி நேரத்துக்குள் வரும் ஒரே இனப் படங்களை ஒரே வருகையாகக் கொள்வது வழக்கம். புள்ளிகளின் அமைப்பு மானுக்கு மான் மாறும், ஆனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு. ஒரு பக்கத்தை மட்டும் வைத்து ஆளடையாளம் சொல்லக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் கேமரா வெறிச்சோடினால் மான் குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். பருவமழையில் காடு முழுக்கத் தண்ணீர், தொட்டிக்கு வர அதற்கென்ன அவசியம்?

காப்புக்காட்டில் கேமரா வைக்க வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஊசுடு ஏரி போன்ற இடம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாகப் பரந்து கிடக்கிறது, எந்தக் கரை யாருடையது என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஊர்க் குட்டை என்றால் ஊராட்சியில் சொல்லிவிட வேண்டும். ஆடு மேய்க்கும் பெரியவரிடம் நாலு வார்த்தை பேசி வைப்பது இரும்புச் சங்கிலியைவிட நல்ல பூட்டு. படித்துறைப் பக்கமும், ஜனங்கள் வெளிக்குப் போகும் ஒதுக்குப்புறமும் கேமராவின் பார்வையில் வரவே கூடாது. பெண்கள் படம் ஒன்று தற்செயலாக விழுந்தாலும் அந்த இடத்திலேயே அழித்துவிட்டுக் கேமராவைத் திருப்பி வையுங்கள்.

தண்ணீருக்கு வரும் நேரம் தெரிந்தவனுக்கு வேட்டை சுலபம். வேட்டை சட்டப்படி நடக்கும் அரிசோனாவிலேயே, வேட்டைக்காக டிரெயில் கேமரா பயன்படுத்துவதற்கு 2022 ஜனவரி 1 முதல் தடை. இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான் வேட்டையே குற்றம், ஆனாலும் சுருக்குக் கம்பியும் நாட்டுத் துப்பாக்கியும் ஒழிந்துவிடவில்லை. படத்தின் அடியில் கேமரா அச்சிடும் தேதி, நேரப் பட்டையை வெட்டிவிட்டு, இடக்குறிப்பையும் நீக்கிய பிறகுதான் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். படத்தில் சுருக்குக் கம்பியோ நாட்டுத் துப்பாக்கியோ தெரிந்தால் குழுவில் போடவே கூடாது. அந்தக் கார்டு நேரே வனச்சரக அலுவலகத்துக்குப் போக வேண்டும்.