ஃபேர்னஸ் மாற்றச் சொல்லி ஆள் வந்தால்: ஒன்ராறியோவில் சட்டம் உங்களுக்குத் தருவது

ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் வீட்டுக்கு ஒரு பின்னேரம் இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ரப்லெட். "காஸ் இன்ஸ்பெக்சன்" என்றார்கள். பேஸ்மென்ற்றுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் மேலே வந்து, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸில் வெடிப்பு விழுந்திருக்கிறது, இரவு நித்திரையிலேயே வீட்டில் உள்ளவர்கள் செத்துப்போவார்கள் என்று சொன்னார்கள். அம்மா பயந்துபோய் ரப்லெட்டில் விரலால் கையெழுத்து வைத்தார். மறுநாள் காலையே புது ஃபேர்னஸ் வந்து இறங்கியது. அது பத்து வருட வாடகை என்பது, மகன் முதல் பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இப்படியான கடதாசிகளைப் பல வீடுகளின் குசினி மேசையில் இருந்து வாசித்துக் கொடுத்திருக்கிறேன். பெயரும் தொகையும் மாறும், கதை மாறாது. அதனால் சட்டத்தின் வரலாற்றை விட்டுவிட்டு, சனம் எங்கே மாட்டுப்படுகிறது என்பதையே எழுதுகிறேன்.

2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் வீடு வீடாகப் போய் ஃபேர்னஸ் விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ முடியாது. ஏசி, சுடுதண்ணீர்த் தாங்கி, தண்ணீர் வடிகட்டி, காற்றுச் சுத்திகரிப்பான், டக்ற் சுத்தம் செய்யும் வேலை எல்லாம் இந்தத் தடைக்குள் வரும். அதை மீறிச் செய்த ஒப்பந்தம் செல்லாது. பூட்டிய சாமானை நீங்கள் வைத்திருக்கலாம், காசு கட்டவும் தேவையில்லை. உங்கள் வீட்டுக்குள் வைத்து ஒப்பந்தம் போடுவதென்றால், நீங்களாக முன்கூட்டியே கொம்பனியைத் தொடர்புகொண்டு, ஒப்பந்தம் போடுவதற்கென்றே வரச் சொல்லியிருக்க வேண்டும்.

பொறி இருப்பது அந்தக் கடைசி வசனத்தில்தான். முதலில் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். "இலவசமாகப் பார்த்துத் தருகிறோம், நாளைக்கு வரட்டா?" என்பார்கள். நீங்கள் ஓம் என்பீர்கள். அப்புறம் ஒப்பந்தத்தின் நடுவில் சின்ன எழுத்தில் "வாடிக்கையாளரே எங்களை அழைத்தார்" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்து வைத்த பிறகு இன்னொரு அழைப்பு வரும், அது ஒலிப்பதிவாகும். கேட்கிற எல்லாவற்றுக்கும் "யெஸ்" சொல்லுங்கள் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லித் தருவார். பிறகு முறைப்பாடு செய்யும்போது அந்த வரியையும் ஒலிப்பதிவையும்தான் உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள். ஆகவே யார் யாரை முதலில் கூப்பிட்டது என்பதற்கான அத்தாட்சியை வைத்திருங்கள். தொலைபேசியின் அழைப்புப் பட்டியலை அன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். பழைய அழைப்புகள் தானாக மறைந்துபோகும்.

அரசாங்கத் திட்டம், றிபேற், கட்டாயப் பரிசோதனை என்று சொல்லி வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஒன்ராறியோ அரசு வீட்டுக்கு ஆள் அனுப்பி ஃபேர்னஸ் விற்பதில்லை. காஸ் மீட்டர் பெரும்பாலும் வெளிச்சுவரில் இருக்கிறது, அதை வாசிக்க ஒருவரும் பேஸ்மென்ற்றுக்குள் இறங்கத் தேவையில்லை. உங்கள் காஸ் பில்லைக் கேட்டால் காட்டவேண்டாம். அதில் உள்ள கணக்கு எண் போதும் அவர்களுக்கு.

கையெழுத்து வைத்தாகிவிட்டது என்றால்

முதல் பத்து நாள் பொன்னானது. வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தின் எழுத்துப் பிரதி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமல் இரத்துச் செய்யலாம். ஃபேர்னஸைப் பூட்டிவிட்டார்கள் என்பதால் இந்த உரிமை போய்விடாது. ஆனால் "பூட்டியாச்சு அக்கா, இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று சொல்வார்கள். மறுநாளே அவசரமாகப் பூட்டுவதற்குக் காரணமும் அதுதான். நம்பாதீர்கள்.

தொலைபேசியில் மட்டும் இரத்துச் செய்யாதீர்கள். "பதிந்துவிட்டோம்" என்பார்கள், பதினோராம் நாள் அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்பார்கள். மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, ரசீதை வைத்திருங்கள். நீங்கள் அனுப்பிய நாள்தான் கணக்கு, அவர்கள் திறந்து வாசித்த நாள் அல்ல. அதன் பின் 15 நாளுக்குள் வாங்கிய காசைத் திருப்பித் தரவேண்டும். இப்படி நீங்களாக இரத்துச் செய்தால், சாமானை எடுத்துப்போக அவர்கள் வரும்போது விடவேண்டும். குளிர்காலமென்றால் எடுக்கும் நாளுக்கு முன்பே வேறு ஃபேர்னஸுக்கு ஏற்பாடு செய்து வையுங்கள்.

பத்து நாள் தாண்டினாலும் கதை முடியவில்லை. பொய் சொல்லியோ மிரட்டியோ கையெழுத்து வாங்கியிருந்தால், அல்லது ஒப்பந்தத்தில் இருக்கவேண்டியவை இல்லாவிட்டால், ஒரு வருடத்துக்குள் இரத்துச் செய்ய இடம் உண்டு. என்ன பொய், எந்தத் திகதி, யார் சொன்னது என்று எழுதவேண்டும். "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து ஒரு கந்தோரும் அசையாது.

மாத வாடகை சின்னத் தொகையாகத் தெரியும். உதாரணத்துக்கு மாதம் 130 டொலர் என்று வையுங்கள். பத்து வருடத்துக்கு 15,600 டொலர், வரியும் வருடாவருட ஏற்றமும் சேர்க்காமலே. அதே ஃபேர்னஸைச் சொந்தமாக வாங்கிப் பூட்டினால் பெரும்பாலும் அதில் பாதிகூட ஆகாது. இடையில் முடிக்க வேண்டுமென்றால் எவ்வளவு கட்டவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். வீடு விற்கும் நாளில்தான் பலருக்கு அந்த எண் கண்ணில் படுகிறது.

முன்பு இதைவிட மோசமான ஒன்று நடந்தது. வீட்டு உறுதியிலேயே "நோசி" என்று, அந்தச் சாமானில் கொம்பனிக்கு உரிமை இருப்பதாகச் சொல்லும் ஒரு பதிவைப் போட்டுவிடுவார்கள். வீட்டை விற்கவோ மோற்கேஜை மாற்றவோ போனால்தான் தெரியும். அதை எடுக்க ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். 2024 ஜூனில் வந்த சட்டம் வீட்டுப் பாவனைச் சாமான்களுக்கு நோசி போடுவதைத் தடைசெய்து, ஏற்கனவே இருந்தவை காலாவதியானவை என்றும் சொல்லிவிட்டது. உறுதியில் இன்னும் தெரிந்தால் சட்டத்தரணி மூலம் காணிப் பதிவிலிருந்து நீக்கலாம். ஆனால் கவனம்: போனது நோசி மட்டும். வாடகை ஒப்பந்தம் அப்படியே உயிரோடு இருக்கிறது. "சட்டம் வந்துவிட்டது, இனிக் கட்டத் தேவையில்லை" என்று நினைத்து மாதக் காசை நிறுத்தியவர்களுக்கு வசூல் கொம்பனியிலிருந்து கடிதம் வருகிறது. முதலில் ஒப்பந்தத்தை எழுத்தில் இரத்துச் செய்யுங்கள், பிறகுதான் காசை நிறுத்துவது பற்றிய பேச்சு.

சிவப்பு அட்டை

ரெக்னீசியன் ஒருவர் உண்மையான ஆபத்தைக் கண்டால் காஸை நிறுத்தி சிவப்பு எச்சரிக்கை அட்டை தொங்கவிட வேண்டியது அவர் கடமை. உடனடி ஆபத்து என்றால் அந்த நிமிடமே நிறுத்துவார். மற்றக் குறைகளுக்குத் தவணை தருவார். இது உயிரைக் காக்கும் ஏற்பாடு. அதையே விற்பனைக்குக் கருவியாக்குவதுதான் கொடுமை.

அட்டை போட்டால் மூன்று விஷயம் கேளுங்கள். என்ன குறை என்று எழுத்தில். வெப்பம் மாற்றும் பகுதியில், அதாவது ஹீற் எக்ஸ்சேஞ்சரில், வெடிப்பு என்றால் அதன் படம், அது உங்கள் ஃபேர்னஸ்தான் என்று தெரியும்படி. அவருடைய சான்றிதழ் அட்டை. காஸை நிறுத்தியபடியே விட்டுவிட்டு, வேறு கொம்பனி ஒன்றைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் இரவைக் கம்பளியோடும் மின்சார ஹீற்றரோடும் கழிக்கலாம். பயத்தில் வைத்த கையெழுத்து பத்து வருடம் இழுக்கும். அட்டையை நீங்களாகக் கழற்றிக் காஸைத் திறக்கவே வேண்டாம்.

பூட்ட வருகிறவர் யார்

ஒன்ராறியோவில் காஸ் சாதனத்தில் கை வைப்பவருக்கு ரி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அதிகாரசபையின் சான்றிதழ் வேண்டும். ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று தரம். வீட்டு ஃபேர்னஸுக்கு ஜி2 போதும். ஜி3 வைத்திருப்பவர் மேலே உள்ளவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம், தனியே வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆளுக்குச் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, கொம்பனியும் அங்கே பதிந்திருக்க வேண்டும். சனம் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். 1-877-682-8772 என்ற எண்ணில் கேட்கலாம்.

நம்முடைய ஆள், தெரிந்த தம்பி, பில் இல்லாமல் மலிவாகச் செய்து தருவார் என்ற பேச்சு நம்மிடையே நிறைய. அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சான்றிதழும் ரசீதும் இல்லாத வேலையில் ஏதும் நடந்தால் காப்புறுதிக் கொம்பனி கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

இப்போதைய ஃபேர்னஸ்கள் 95 வீதமும் அதற்கு மேலும் திறன் உள்ளவை. எரிந்த வாயுவிலிருந்து அவ்வளவு சூட்டையும் எடுத்துவிடுவதால் நீராவி தண்ணீராக வடிகிறது, மிச்சப் புகை பிளாஸ்ரிக் குழாயால் சுவருக்கு வெளியே போகிறது. அந்தக் குழாய் சாதாரணத் தண்ணீர்க் குழாயாக இருக்கக்கூடாது. அதன் மேல் எஸ்636 என்று அச்சடித்திருக்கும், நீங்களே வாசித்துப் பார்க்கலாம். தண்ணீர் திரும்பி வடியும்படி குழாய் ஃபேர்னஸ் பக்கம் சரிந்திருக்க வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் தண்ணீர் தேங்கி, ஒரு குளிர் இரவில் ஃபேர்னஸ் நின்றுபோகும்.

இவற்றைவிட நான் அதிகம் பயப்படுவது சுடுதண்ணீர்த் தாங்கியைப் பற்றி. பழைய ஃபேர்னஸும் தாங்கியும் ஒரே புகைக்கூட்டால் புகை விட்டுக்கொண்டிருந்த வீடுகள் நிறைய. புது ஃபேர்னஸ் சுவரால் போய்விட, தாங்கி மட்டும் அந்தப் பெரிய புகைக்கூட்டில் தனித்து நிற்கும். அதன் சின்னப் புகைக்கு அவ்வளவு பெரிய குழலைச் சூடாக்கி மேலே ஏற பலம் இல்லை. உள்ளே நீர் கோத்துச் சுவர் அரிக்கும், புகை வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதில் காபன் மொனொக்சைட் இருக்கலாம், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. புகைக்கூட்டுக்குள் அளவான உலோக உறை இறக்க வேண்டும், அல்லது தாங்கியை மாற்ற வேண்டும். மலிவு விலை சொல்பவர் பெரும்பாலும் இதை விலையில் சேர்ப்பதில்லை. தாங்கியிலிருந்து உலோகக் குழாய் புகைக்கூட்டுக்குப் போகிறதென்றால், விலை கேட்கும்போதே "இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

பூட்டி முடித்ததும் காஸ் அழுத்தம் அளந்த எண்களைக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாறண்டியை யார் பதிவது என்றும் கேளுங்கள். பல தயாரிப்பாளர்கள் குறித்த நாளுக்குள் பதிந்தால்தான் பத்து வருடம் தருகிறார்கள், தவறினால் காலம் குறையும். அதுவும் உதிரிப் பாகத்துக்கு மட்டும், கூலி வேறு. வருடாந்த சேர்விஸ் ரசீதையும் எறிந்துவிடாதீர்கள், வாறண்டி கேட்கும் நாளில் அதைக் காட்டச் சொல்லலாம். வடிகட்டி மாற்றுவதும், பனி கொட்டியபின் வெளிக்குழாயின் வாயைத் துப்பரவு செய்வதும் உங்கள் வேலை.

பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு

செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டுச் சூடு அத்தியாவசிய சேவை. வீட்டுக்காரர் அதை நிறுத்த முடியாது. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் 21 பாகை இருக்கவேண்டும். ஃபேர்னஸ் திருத்தும் செலவை உங்கள் தலையில் போட முடியாது. பேஸ்மென்ற் நகரசபையில் பதியப்படாதது என்றாலும் உரிமை உங்களுக்கு உண்டு. "நீ முறைப்பாடு செய்ய ஏலாது, இது சட்டவிரோத பேஸ்மென்ற்" என்று சொன்னால் அது பொய்.

ஆனால் வீட்டுக்காரரோடோ அவர் குடும்பத்தோடோ குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து இருப்பதுதான் ஏற்பாடு என்றால், வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. வாடகைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காசையும் மாதங்களையும் இழக்குமுன் இதைப் பாருங்கள். நகரசபையின் 311 என்ற எண்ணை முதலில் கூப்பிடுங்கள். "தமிழ் இன்ரர்பிரிற்றர்" என்று கேட்டால் தருவார்கள். அப்படிப் பகிராமல் இருப்பவர்கள் தீர்ப்பாயத்தில் ரி6 என்ற முறைப்பாட்டுப் படிவத்தை ஒரு வருடத்துக்குள் போடவேண்டும். வெப்பமானியும் திகதியும் தெரிய தினமும் ஒரு படம் எடுங்கள். சூடு இல்லை என்று வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வழக்கு தலைகீழாகிவிடும், வாடகை கட்டாதவர் என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கே முறைப்பாடு

இங்கேதான் சனத்தை அலைக்கழிக்கிறார்கள். நுகர்வோர் முறைப்பாட்டைப் பார்க்கும் அமைச்சைக் கூப்பிட்டால் காஸ் பாதுகாப்பு எங்கள் வேலை இல்லை என்பார்கள். ரி.எஸ்.எஸ்.ஏ.யைக் கூப்பிட்டால் ஒப்பந்தம் எங்கள் வேலை இல்லை என்பார்கள். காஸ் கொம்பனி இரண்டும் எங்களுடையது இல்லை என்று சொல்லும். ஒவ்வொருவர் சொல்வதும் சரிதான், ஆனால் எழுபது வயது அம்மாவுக்கு இதை ஒருவரும் முதல் அழைப்பில் விளக்குவதில்லை.

ஆகவே கடிதத்தை இரண்டாகப் பிரியுங்கள். சான்றிதழ் இல்லாத ஆள், பிழையாகப் பூட்டியது, பொய்யான சிவப்பு அட்டை ஆகியவை ரி.எஸ்.எஸ்.ஏ.க்கு. கையெழுத்து, வாடகை, இரத்து ஆகியவை ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புக்கு, 1-800-889-9768. ஒன்றில் மற்றதைக் கலக்காதீர்கள். அமைச்சு முதலில் "கொம்பனிக்கு எழுதினீர்களா?" என்று கேட்கும், அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பேசியவரின் பெயர், திகதி, கோப்பு எண் மூன்றையும் எழுதுங்கள்.

கடைசியாக, இன்றைக்கே செய்யவேண்டிய ஒன்று. 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக்கில் ஹோக்கின்ஸ் குடும்பத்தின் நால்வர் காபன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். அவர்கள் வீட்டில் வேலைசெய்யும் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கவில்லை. அதன் பின்தான் ஒன்ராறியோவில் படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயமானது. 2026 ஜனவரி 1 முதல் காஸ் ஃபேர்னஸ் உள்ள வீட்டில் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும், பேஸ்மென்ற்றிலும்தான். அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், முடிவுத் திகதி இருக்கும். அது தாண்டியிருந்தால், பொத்தானை அழுத்த ஒலித்தாலும் மாற்றுங்கள். அலாரம் அடித்தாலோ வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாகத் தலையிடி, குமட்டல் வந்தாலோ வெளியே போய் நின்று 911ஐக் கூப்பிடுங்கள். ஃபேர்னஸைப் பார்க்க உள்ளே திரும்பிப் போகாதீர்கள்.