எரிச்சல் வரும் நேரத்துக்கென்று ஒரு ஜெபம்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கோடை விழா சமயத்தில் ஏறுகிற பஸ்ஸும் இறங்குகிற காரும் ஒரு வளைவில் எதிரெதிரே மாட்டிக்கொண்டால், பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிடும். காலையில் ஆராதனைக்கோ திருப்பலிக்கோ போய்வந்த குடும்பங்களும் அந்த வரிசையில் இருப்பார்கள். அவர்களும் ஹாரனை அமுக்குவார்கள், பின்சீட்டில் அழுகிற பிள்ளையை அதட்டுவார்கள். அவர்களுடைய விசுவாசத்தில் குறையென்று நாங்கள் நினைப்பதில்லை. கோபம் தலைக்கேறுகிற அந்த நேரத்துக்கென்று ஒரு ஜெபம் அவர்களுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.

"ஆண்டவரே, பொறுமை தாரும்" என்று பொதுவாகக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுத வைக்கும்போது பிள்ளையிடம் கத்திவிடுகிறேன், அந்த அரைமணி நேரம் என்னோடு இரும்" என்று காலையிலேயே இடம், நேரம் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறபோதே எதில் கவனமாக இருக்கவேண்டும் என்பது நமக்கும் தெளிவாகிவிடும்.

அடுத்தது, ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஜெபம். சங்கீதம் 141:3 இதற்கு நன்றாகப் பொருந்தும். மூச்சை இழுக்கும்போது "கர்த்தாவே", விடும்போது "என் வாய்க்குக் காவல் வையும்". நான்கு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்று மட்டுப்படும். ஆறு தடவை சொல்ல ஒரு நிமிடம் ஆகும். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் வண்டி நகராமல் நிற்கும்போதே சொல்லி முடித்துவிடலாம்.

பலருக்கு இது பலிக்காமல் போவதற்குக் காரணம், கொதிக்கிற நேரத்தில்தான் முதல்முறையாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். பால் காய்வதற்குக் காத்திருக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், மனம் அமைதியாக இருக்கையிலேயே இரண்டு வாரம் சொல்லிப் பழகுங்கள். இன்னொன்று, பிள்ளையின் காதில் விழும்படி "இவனுக்குப் புத்தி கொடும் ஆண்டவரே" என்று ஜெபிக்காதீர்கள். பிள்ளைக்கு அது திட்டாகத்தான் கேட்கும். ஜெபத்தின் மேலேயே அதற்கு வெறுப்பு வந்துவிடும்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்த ஒரு பயிற்சியை எல்லாச் சபையினருக்கும் பரிந்துரைக்கிறோம். ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அன்றைக்கு அதைத் தவிர்ப்பதாகத் தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவரை எத்தனை முறை தவறினோம் என்று மணிவாரியாக யோசித்து, நோட்டில் ஒரு கோட்டின்மேல் அத்தனை புள்ளிகள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த கோட்டில் அதேபோல். நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்குப் பதினான்கு. இடையில் தவறுகிற ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கைவைத்து மனம் வருந்த வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமலே இதைச் செய்யலாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். நாங்கள் சேர்த்துக்கொள்வது ஒன்றுதான். புள்ளிக்குப் பக்கத்தில் மணியையும் குறித்துவையுங்கள்.

ஒரு வாரத்தில் நோட்டைப் பார்த்தாலே விஷயம் புரியும். புள்ளிகள் பெரும்பாலும் வேலை விட்டு வந்து சாப்பிடுவதற்கு முன்பாக விழுந்திருந்தால், பசிக்கு முதலில் வழி பாருங்கள். எலியா மனம் சோர்ந்து சாவதற்குக் கேட்டபோது (1 இராஜாக்கள் 19) கர்த்தருடைய தூதன் அவரைக் கண்டிக்கவில்லை. எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். திரும்பப் படுத்தவரை மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலைக்குப் பயணம் அதற்குப் பிறகுதான். சேவாப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வேலை முடிந்து வருகிறவரானாலும் சரி, குகைப் பகுதியில் தறியை விட்டு எழுந்து வருகிறவரானாலும் சரி, வீட்டுக் கணக்குவழக்கைப் பேச உட்காருவதற்கு முன் ஒரு டீயும் இரண்டு இட்லியும் உள்ளே போகட்டும்.

கோபத்தை விழுங்குவதும் பொறுமை ஆகாது. "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று 13-ஆம் சங்கீதம் வாய்விட்டே கேட்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் ஆத்திரத்தை அப்படியே அவரிடம் கொட்டலாம்.

வீட்டில் அடி, மிரட்டல் என்றிருக்கிற பெண்ணுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு" என்று அவரைத் திருப்பி அனுப்புவது ஆபத்தானது. போதகரோ பங்குத்தந்தையோ சபையின் பெரியவர்களோ முதலில் அவர் பாதுகாப்பாக இருக்க ஓர் இடம் பார்க்க வேண்டும். 181 பெண்கள் உதவி எண், கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். அவரோடு உட்கார்ந்து அந்த எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்.