ஃபுரியன்ட்: சொல் விளக்கம்

ஃபுரியன்ட் என்பது செக் நாட்டின் போஹேமியா பகுதி கிராமங்களில் ஆடப்பட்ட ஒரு வேகமான நடனம். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே அது ஆவேசத்தையும் வெறியையும் குறிக்கும். அதனால் இதைத் தமிழாக்க உட்காருகிறவருக்குச் சட்டென்று தோன்றுவது ‘சீற்ற நடனம்’ அல்லது ‘வெறியாட்டம்’. இரண்டுமே தவறு.

செக் மொழியில் ஃபுரியன்ட் என்றால் ஒரு ஆள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தன்னை மிஞ்ச ஊரில் யாருமில்லை என்று நடக்கிற ஆள். நாம் ஜம்பக்காரன், வீறாப்புப் பேர்வழி என்போமே, அவன்தான். 1887-இல் லதிஸ்லாவ் ஸ்ட்ரௌபெஷ்னிட்ஸ்கி எழுதிய புகழ்பெற்ற செக் நாடகத்தின் பெயரே ‘நம்ம ஊர் ஜம்பக்காரர்கள்’ என்ற பொருளில்தான் வருகிறது. அதற்கும் நடனத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லின் குணம் அதிலிருந்து தெரியும். அந்த ஆளின் தோரணைதான் நடனமாயிற்று. ஆடுகிறவன் இடுப்பில் கைவைத்து விறைப்பாக நின்று, நிலபுலம் உள்ள பெரிய விவசாயியைப் போல நடித்துக் காட்டுவான். அதில் கொஞ்சம் கேலியும் உண்டு.

சரி, இதில் இசைக்காரர்களை இழுத்தது எது? தாளக்கணக்கு. தாளத்தை வாய்ச்சொற்களால் சொல்லும் நம் கொன்னக்கோலில் சொன்னால் அரை நிமிடத்தில் பிடிபடும். மேசையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்:

தக தக தக தகிட தகிட

இரண்டெண்ணிக்கைத் ‘தக’ மூன்று தடவை, பிறகு மூன்றெண்ணிக்கைத் ‘தகிட’ இரண்டு தடவை. மொத்தம் பன்னிரண்டு எண்ணிக்கை. இந்த நடனத்துக்கான பழைய நாட்டுப்பாடல் விவசாயியைக் குறிக்கும் ‘செத்லாக்’ என்ற சொல்லோடு தொடங்கும். ஈரசைச் சொல். அதை அடுத்தடுத்து மூன்று முறை கூப்பிட்டால் ‘தக தக தக’ வந்துவிடும். அப்புறம் ‘இன்னும் ஒருமுறை’ என்று வருமிடத்தில் பாட்டு மூன்று மூன்றாக விரிகிறது. பேச்சின் அசையே தாளமாக நிற்பது எனக்கு எப்போது கேட்டாலும் சிலிர்ப்பாக இருக்கும்.

இசையமைப்பாளர்கள் இதை எழுதிய விதம் நம் காதுக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டுக்கு ஒரு தாளம், மூன்றுக்கு ஒரு தாளம் என்று அவர்கள் மாற்றவில்லை. முழுவதையும் மும்மூன்று எண்ணிக்கையிலேயே எழுதி, அழுத்தத்தை மட்டும் இடம் மாற்றினார்கள். திஸ்ரத்தில், அதாவது மும்மூன்றாக, கை போட்டுக்கொண்டு வாயால் ‘தக தக தக’ சொல்கிற மாதிரி. அடியில் தாளம் அசையாமல் ஓட, மேலே மெட்டு அதை எதிர்த்துக்கொண்டு போகும். முதல் ஆறு எண்ணிக்கை முடிந்து ‘தகிட’ விழும்போது இரண்டும் ஒன்றுசேரும். ஜம்பக்காரன் கடைசியில் காலை ஊன்றி நிற்கிற இடம் அதுதான்.

செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் ‘விற்கப்பட்ட மணப்பெண்’ ஓபரா 1866-இல் ப்ராகில் அரங்கேறியபோது அதில் இந்த நடனம் இல்லை. பின்னால் வந்த திருத்தங்களில்தான் சேர்ந்தது. அதே அரங்கின் ஆர்க்கெஸ்ட்ராவில் அப்போது வயோலா வாசித்துக்கொண்டிருந்தவர், பின்னால் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற அன்டோனின் துவோர்ஷாக். 1878-இல் அவர் எழுதிய ‘ஸ்லாவோனிய நடனங்கள்’ முதல் தொகுப்பில் எட்டு நடனங்கள். முதலாவதும் எட்டாவதும் ஃபுரியன்ட்.

பெரிய தாவல் 1880-இல். ஆர்க்கெஸ்ட்ராவுக்காகப் பல பகுதிகளாக எழுதப்படும் பெரிய படைப்பு சிம்பொனி. தம் ஆறாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதிக்கு துவோர்ஷாக் ‘ஸ்கெர்ட்ஸோ (ஃபுரியன்ட்)’ என்று தலைப்பிட்டார். பேத்தோவன் காலத்திலிருந்து ஸ்கெர்ட்ஸோ என்ற விரைவான, துள்ளலான இசைவகை உட்கார்ந்திருந்த இடம் அது. அதற்கு முன் அங்கே இருந்ததும் ஒரு நடனமே, பிரெஞ்சு அரசவையின் மினுவெட். அந்த நாற்காலியில் ஒரு கிராமத்து ஆட்டத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். வியன்னாவுக்காக எழுதிய சிம்பொனி அங்கே தள்ளிப்போய், 1881 மார்ச்சில் ப்ராகில் முதலில் ஒலித்தது. இந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள் ரசிகர்கள்.

தமிழில் என்ன சொல்வது? செருக்கு என்றால் கண்டிக்கிற தொனி வந்துவிடுகிறது. வீம்பில் பிடிவாதம்தான் தூக்கல். வீறாப்பு பொருளுக்குக் கிட்டத்தில் வருகிறது, ஆனால் அது பேச்சிலும் மனசிலும் இருப்பது, உடம்பில் தெரிவதில்லை. நடையிலும் நிமிர்விலும் தெரிகிற சொல் மிடுக்கு. ஒயிலை வைத்து ஒயிலாட்டம் என்று பெயரிட்ட மொழி இது. அதே வழியில் மிடுக்காட்டம் என்பதே என் பரிந்துரை. மூலச்சொல்லின் கேலி இதில் சற்றுக் குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தின் உடம்பு அப்படியே இருக்கிறது.

ஆளைக் குறிக்கும்போது ஜம்பக்காரன், ஆட்டத்தைக் குறிக்கும்போது மிடுக்காட்டம் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். கச்சேரிக் குறிப்பில் முதல் முறை ‘மிடுக்காட்டம் என்னும் ஃபுரியன்ட்’ என்று எழுதிவிட்டு, அடுத்து வருமிடங்களில் மிடுக்காட்டம் என்றே விடலாம். துவோர்ஷாக்கின் தலைப்பும் அப்போது ‘ஸ்கெர்ட்ஸோ (மிடுக்காட்டம்)’ என்றாகும்.